ஆறின சோறும் டிபன் பாக்ஸும்: மத்தியானம் சூடுபண்ணத் தேவையில்லாத சாப்பாடு

ஜூன் 9, காலை

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். பையன் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் சாப்பாட்டைச் சூடுபண்ண வழியில்லை. ஆறின சோறு வயிற்றுக்கு ஆகாது என்று மாமியார் தினமும் சொல்கிறாராம். 2,000 ரூபாய் போட்டு ஒரு ஹாட் பாக்ஸ் வாங்கிவிடலாமா என்பது கேள்வி.

வாங்காதீர்கள். ஆறினால் கெட்டுப்போகிற சாப்பாட்டைக் கட்டிவிட்டு, அதைச் சூடாக வைக்க ஒரு பாத்திரத்தைத் தேடுகிறோம். ஆறினால்தான் ருசி என்று இருக்கிற சாப்பாடு நம் வீட்டிலேயே பத்து வகை உண்டு. வண்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போன காலத்தில் எந்தச் சத்திரத்தில் சூடுபண்ணினார்கள்? கட்டுச்சோறு என்ற சொல்லே அதற்காகத்தான்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். மனைவி செவிலியர், காலை 6:10 பஸ். ஆகவே இரண்டு வருஷமாக டிபன் பாக்ஸ் என் பொறுப்பு. பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு. 7:10க்கு மூடி போட்டாக வேண்டும், 7:25க்கு வேன். பள்ளியில் திறப்பது 12:40. ஐந்தரை மணி நேரம் அந்தச் சோறு ஜூன் மாத வெயிலில், பைக்குள், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இந்த ஐந்தரை மணியைத் தாங்குமா என்பது ஒன்றுதான் நான் பார்ப்பது.

ஜூன் 9, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேன். ஆறவைத்து மூட வேண்டும். சுடச்சுட மூடினால் ஆவி மூடியில் முட்டி, வேர்த்து, சொட்டுச் சொட்டாகத் திரும்பச் சோற்றில் விழும். மேல் சோறு சொதசொதவென்று ஆகி, பதினோரு மணிக்கே ஒரு வாடை வரும். முதல் மாதம் பூராவும் நான் செய்த தப்பு இதுதான்.

இப்போது என் வழக்கம்: குக்கர் இறங்கியதும் சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி, கரண்டிக் காம்பால் பரத்தி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் சுற்றிவிட்டு, ஃபேனுக்கு அடியில் வைத்துவிடுவேன். சின்னவனுக்குத் தலைவாரி முடிக்கிற நேரம் போதும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சுடக்கூடாது. வெதுவெதுப்பு இருந்தால் கலக்கலாம், மூடக்கூடாது. கலந்து, அதுவும் ஆறின பிறகுதான் மூடி.

ஜூன் 11

எந்த அரிசி என்று இரண்டு பேர். பழைய அரிசி. ரகத்தைவிட வயசுதான் பேசும். கலந்த சாதத்துக்கு ஆறு மாதமாவது ஆன அரிசி வேண்டும். புது அரிசி குழைந்து ஒட்டிக்கொண்டு, மத்தியானம் டிபன் பாக்ஸைக் கவிழ்த்தால் செங்கல் மாதிரி ஒரே கட்டியாக வரும். நான் வாங்குவது பழைய பொன்னி பச்சரிசி. வீட்டு நெல் இருக்கிறவர்கள் ஆடுதுறை 43 போட்டாலும் சரிதான்.

இன்னொன்று. ராத்திரி வடித்து ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றைக் காலையில் புளிக்காய்ச்சலில் பிசைந்து அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். ஆறும்போது சோற்றின் மாவுச்சத்து மறுபடி இறுகுகிறது, ஃப்ரிட்ஜ் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். அதனால்தான் ஃப்ரிட்ஜ் சோறு விறைத்து நிற்கிறது. வீட்டில் சூடுபண்ணித் தின்றால் இளகும். நம் பிரச்சினையே பள்ளியில் சூடுபண்ண முடியாது என்பதுதானே?

ஜூன் 12

டிபன் பாக்ஸுக்குச் சாம்பார் சாதத்தை ஏன் நான் சொல்லவே இல்லை என்று ஒரு தம்பிக்குக் கோபம். மேட்டூர் திறக்கிற நாளில் சண்டை வேண்டாம். சாம்பார் சாதம் ஆறினால் சிமெண்டு. அதில் பருப்பும் காயும் தண்ணீரும் சேர்ந்திருப்பதால் கெடுவதற்கும் அவசரம். ரசம் சாதமும் அப்படித்தான், சோறு ரசத்தையெல்லாம் குடித்துவிட்டு ஊதி நிற்கும்.

ஜூன் 17

புளிக்காய்ச்சல். அளவு கேட்டவர்களுக்கு.

100 கிராம் பழைய புளி, கறுத்த புளி. வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நேரம் மிச்சம். வாணலியில் 150 மில்லி நல்லெண்ணெய். கை நடுங்கக் கூடாது. கடுகு, கடலைப்பருப்பு, பத்துப் பன்னிரண்டு மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, கட்டிப் பெருங்காயம். புளிக்கரைசல், மஞ்சள், கல் உப்பு. அப்புறம் சிறு தீயில் விட்டுவிடுங்கள். முதலில் தளதளவென்று கொதிக்கும், பிறகு பொதக் பொதக்கென்று எரிமலை மாதிரி தெறிக்கும். சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கறை போகாது. கடைசியில் சத்தம் அடங்கி, கரண்டியால் வழித்தால் வாணலியின் அடி தெரிந்து, அந்தப் பள்ளத்தில் எண்ணெய் வந்து நிற்கும். அதுதான் பதம். தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கு எண்ணெய் கொடுக்கிற கையெழுத்து அது.

இறக்குமுன் வறுத்துப் பொடித்தது: தனியா இரண்டு கரண்டி, கடலைப்பருப்பு ஒன்று, கறுப்பு எள் ஒன்று, வெந்தயம் அரை ஸ்பூன். கூடவே நெல்லிக்காய் அளவு வெல்லம். ஈரம் படாத கரண்டி, ஈரம் படாத பாட்டில், ஃப்ரிட்ஜில் மூன்று வாரம் எனக்குத் தாராளமாக நிற்கிறது. ஒரு கிண்ணம் சோற்றுக்கு ஒன்றரை ஸ்பூன்.

புளியோதரை ஐந்தரை மணி நேரத்தைத் தாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. புளிப்பில் கிருமிகள் சுலபமாகப் பெருகாது. உப்பும் தூக்கல். எண்ணெய் பருக்கையைச் சுற்றிக்கொள்வதால் காய்ந்துபோவதும் இல்லை. காலை ஏழு மணிக்கு வாயில் போட்டால் புளி தனியாக, சோறு தனியாக இருக்கும். மத்தியானம் இரண்டும் ஒன்றாகியிருக்கும். இப்படி நேரம் போகப் போக ருசி கூடுகிற சாப்பாட்டைப் பிடிக்க வேண்டும். எலுமிச்சை சாதத்துக்கும் இதே கணக்கு. ஆனால் சாற்றை அடுப்பில் வைக்கக்கூடாது, கசந்துவிடும். தாளிப்பை இறக்கி ஆறவிட்டுத்தான் பிழிய வேண்டும்.

ஜூன் 18

வேர்க்கடலையை மறந்துவிட்டேன் என்று எட்டுப் பேர். மறக்கவில்லை. காய்ச்சலில் போட்டால் மூன்று வாரத்தில் ஊறிப்போய் வேகவைத்த கடலை மாதிரி ஆகிவிடும். கலக்கிற அன்று காலையில் தனியாக வறுத்துப் போடுங்கள்.

வெல்லத்தைப் பற்றி வந்ததையெல்லாம் படித்தேன். எங்கள் அம்மா போடுவார். மேலே பேச்சில்லை.

ஜூன் 26

போன வருஷம் நடந்ததைச் சொல்லாமல் உபதேசம் மட்டும் செய்வது நியாயமில்லை. ஆகஸ்டில் ஒரு நாள், எழுந்தது லேட். முந்தின ராத்திரி வடித்த சோறு அடுப்பு மேடையில், பாத்திரத்திலேயே இருந்தது. ஃப்ரிட்ஜில்கூட வைக்கவில்லை. முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. தேங்காய் துருவி, தாளித்து, சோற்றையும் வாணலியில் போட்டு நன்றாகச் சூடேற்றி, சூட்டோடு மூடி அனுப்பினேன். அதாவது, செய்யக்கூடாதது எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் செய்தேன். இரண்டரை மணிக்குப் பள்ளியிலிருந்து போன். சின்னவன் நான்கு தடவை வாந்தி. பெரியவள் அன்றைக்கு மூன்று வாய்தான் தின்றிருக்கிறாள், "வழவழன்னு இருந்துச்சுப்பா" என்றாள். டப்பாவைத் திறந்தேன். ஒரு பருக்கையை எடுத்தால் பின்னாலேயே நூல் வந்தது.

மனைவி ராத்திரி திட்டவில்லை. பாடம் எடுத்தார். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதித்த சோற்றிலும் சாகாமல் இருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. நான் வாணலியில் ஏற்றிய சூடு ஒரு பிரயோஜனமும் இல்லாதது. வாடையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே சூடுபண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் என் பையனைக் கேளுங்கள். அவன் அந்த நாளுக்குப் பிறகு தேங்காய் சாதத்தைக் கண்டாலே எழுந்து போகிறான்.

இதில் எனக்கே ஒரு சங்கடம் உண்டு. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதுதான் பொதுவான பாதுகாப்பு விதி. அந்த விதியை வைத்தால் நம் ஊர் டிபன் பாக்ஸ் எதுவும் தேறாது. அதற்காக நான் அதைப் பொய் என்று சொல்லவில்லை. புளிப்பாகவோ, ஈரம் இல்லாமலோ இருக்க வேண்டும், காலையில் சமைத்ததாக இருக்க வேண்டும், பரத்தி ஆறவைத்ததாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் அந்த விதியை மீறுகிறேன் என்று தெரிந்திருப்பதுதான்.

ஜூன் 27

"எங்க பாட்டி பழையது சாப்பிட்டுத் தொண்ணூறு வயசு இருந்தாங்க." பழையதைத் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்தார்கள், அந்தப் புளிப்பே காவல். மேடையில் மூடிப்போட்டு மறந்த சோறு பழையது ஆகாது, அது மறந்த சோறு.

ஜூலை 4

தயிர் சாதம் பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள்.

தயிரை ஊற்றிப் பிசைந்து அனுப்பினால் மத்தியானத்துக்குள் பல் கூசுகிற புளிப்பு. பாலை ஊற்ற வேண்டும். ஒரு டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர் வைத்துக் குழைய விட்டு, சூட்டோடு மத்தால் மசித்து, காய்ச்சி ஆறின பால் ஒன்றரை டம்ளர். காலையில் பார்க்க ரொம்பத் தளர்வாக, பாயசம் மாதிரி இருக்க வேண்டும், பயப்படாதீர்கள். சோறு குடித்துக்கொள்ளும். விரல் விட்டால் இதமாக இருக்கிற சூட்டில் ஒரு ஸ்பூன் தயிர், உப்பு. ஏழு மணிக்கு உறை ஊற்றியது ஜூலை வெயிலில் பன்னிரண்டரைக்குச் சரியாக உறைந்திருக்கும். அதாவது வேனில் போகும்போதே தோய்கிறது. பை வெயிலில் கிடப்பது ஒரு குறையாக இருந்தது, இதில் அதையே வேலைக்கு வைத்துக்கொண்டோம்.

கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளிக்கலாம். வெள்ளரிக்காய் போடாதீர்கள், தண்ணீர் விடும். மாதுளை முத்து சின்னவனுக்காக. திராட்சை போட்டால் பெரியவள் முகம் சுளிக்கிறாள், எனக்கும் அது கல்யாண வீட்டு ஞாபகம்தான்.

தொட்டுக்கொள்ள வடுமாங்காய் ஒன்றோ இரண்டோ, தயிர் சாதத்துக்கு நடுவில் குழி பண்ணிப் புதைத்துவிடுவேன். தனி டப்பா வைத்தால் அது பள்ளியிலேயே தொலைந்துபோகும். இதுவரை ஏழு டப்பா.

ஜூலை 16

பள்ளியிலேயே ஒரு அடுப்போ ஓவனோ வைத்துச் சூடுபண்ணித் தரலாமே என்று ஒருவர் நேற்று எழுதியிருந்தார். கும்பகோணத்தில் 2004ல் இதே தேதியில் ஒரு பள்ளியின் சமையல் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் போனார்கள். கீற்றுக் கூரை பள்ளிகளிலிருந்து போனது அதற்குப் பிறகுதான். ஓவன் வேறு, விறகடுப்பு வேறு என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அதற்கு இன்று பதில் எழுத வரவில்லை. சாயந்தரம் விளக்கு ஏற்றப் போகிறோம்.

ஜூலை 22

ஜூன் 9ல் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

மச்சான் பெரியவள் பிறந்தநாளுக்கு ஒரு வாக்குவம் டப்பா வாங்கித் தந்துவிட்டார். இரண்டு சுவருக்கும் நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த வகை. வாங்காதே என்று ஊருக்கெல்லாம் எழுதிவிட்டு வீட்டில் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. சரி, சோதித்துப் பார்ப்போம் என்று கடையில் மோட்டார் சூடு பார்க்கிற துப்பாக்கி மாதிரிக் கருவியை எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே. முதல் தடவை சும்மா சாம்பார் சாதத்தைப் போட்டு மூடினேன். ஏழு மணிக்கு 84 டிகிரி, 12:40க்கு 51. இது மோசம், கிருமிக்கு மெத்தை போட்ட மாதிரி. அடுத்த ஞாயிறு கொதிக்கிற தண்ணீரை டப்பாவில் ஊற்றிப் பத்து நிமிஷம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, கழுத்து வரை சாப்பாட்டை நிரப்பி மூடினேன். 12:40க்கு 63.

ஆக, டப்பாவைச் சூடேற்றி, தளும்பத் தளும்பக் கொதிசோறாகப் போட்டு, இடையில் திறக்காமல் இருந்தால் வாக்குவம் டப்பா வேலை செய்கிறது. பாதி நிரப்பினால் செய்யாது. ஆறவைத்து மூடு என்று நான் சொன்னது சாதாரண டப்பாவுக்கு. இதற்கு நேர் எதிர். இரண்டையும் குழப்பி வெதுவெதுப்பாகப் போட்டு மூடுவதுதான் இருப்பதிலேயே கெட்டது.

ஆனாலும் வலங்கைமான் அக்காவுக்கு என் பதில் மாறவில்லை. இரண்டாம் வகுப்புப் பையனுக்கு அந்த மூடியைத் திருகித் திறக்க வராது. என் சின்னவன் ஒரு நாள் கொண்டுபோய், திறக்க முடியாமல், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். நாலரை மணிக்கு நான் திறந்தபோது எனக்கே மூச்சு முட்டியது.

ஜூலை 23

ஒரு சார் திருத்தியிருக்கிறார்: அந்தக் கருவியைப் பளபளக்கிற ஸ்டீல் மேல் காட்டினால் தப்பாகத்தான் காட்டும், சாப்பாட்டின் மேல் காட்டினாயா என்று. மூடியைத் திறந்து சோற்றின் மேல்தான் காட்டினேன் சார். இருபது வருஷமாக மோட்டார் பாடியில் கறுப்பு டேப் ஒட்டித்தான் அளக்கிறேன். ஆனால் மேல் சோறு மட்டும்தான் தெரியும், நடுவில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூட இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. திருவையாறு போனோம். புஷ்ய மண்டபத்துத் துறையில் கால் வைக்க இடமில்லை, தண்ணீர் படி ஏறி ஓடுகிறது. காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் முடித்து மண்டபத்து ஓரமாக உட்கார்ந்தோம். அம்மா நாலு மணிக்கே எழுந்து கட்டியது: புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். வாழையிலையைத் தணலில் வாட்டி, தூக்கில் விரித்து, ஒவ்வொன்றும் ஒரு அடுக்கு. திறந்தபோது மணி ஒன்று.

சின்னவன் தேங்காய் சாதம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். ஒரு வருஷமாகக் கண்டாலே எழுந்து போனவன்.

அம்மாவின் தேங்காய் சாதம் எப்படி ஏழு மணி நேரம் நின்றது என்று கேட்டேன். தேங்காயைச் சிவக்க வறுத்திருக்கிறார், ஈரம் துளி இல்லை. நான் வெள்ளைத் துருவலை அப்படியே கலப்பவன். "ஆடிக்கு வறுக்காம போடுவியா?" என்று ஒரு பார்வை வேறு. இரண்டு வருஷமாக நான் பாக்ஸ் கட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கேட்டால்தானே சொல்வது என்கிறார்.

ஆகஸ்ட் 5

நேற்று முழுக்க ஒரு கேள்வி. இதே புளியோதரை, இதே தயிர் சாதம் டிபன் பாக்ஸில் போனால் பாதி திரும்பி வருகிறது. ஆற்றங்கரையில் இலையை நக்காத குறை. அங்கேயும் ஆறின சோறுதான். அப்படியானால் சூட்டைப் பற்றி நாம் ஏன் இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்?

பெரியவளை உட்காரவைத்துக் கேட்டேன். மணி அடிப்பது 12:40. கைகழுவக் குழாய் ஆறு, அதில் இரண்டில் தண்ணீர் வராது. வரிசையில் நின்று வந்து உட்காரும்போது 12:50. ஒரு மணிக்கு விளையாட இடம் பிடிக்க வேண்டும். ஆக, பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் எவ்வளவு தின்ன முடியும்? நான் கட்டுவது எனக்குக் கட்டுகிற அளவு.

அப்புறம் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. என் புளியோதரையை அவள் தின்பதே இல்லையாம். பக்கத்துப் பெண்ணின் தக்காளி சாதத்துக்கு மாற்றிக்கொள்கிறாள். ஒரு வருஷமாக. அந்தப் பெண்ணுக்கு என் புளியோதரை உயிராம். சந்தோஷப்படுவதா கோபப்படுவதா தெரியவில்லை. அந்த வீட்டில் தக்காளி சாதத்துக்கு யாரோ ஒருவர் இதே மாதிரி மெனக்கெட்டுக்கொண்டிருப்பார்.

இன்று முதல் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். மிச்சத்துக்கு 10:50 இடைவேளைக்கு ஒரு சின்ன டப்பா: அவித்த வேர்க்கடலை, இல்லை என்றால் வாழைப்பழம்.

ஆகஸ்ட் 20

பத்து நிமிஷத்தில் கையில் எடுத்துத் தின்கிற மாதிரி என்னென்ன என்று கேட்டவர்களுக்கு.

பொடி இட்லி. இட்லி முழுக்க ஆறின பிறகுதான் தட்டிலிருந்து எடுக்க வேண்டும், சூட்டில் எடுத்தால் பிய்ந்துவிடும். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும், ஓரத்திலும் தடவி, வாட்டின இலையில் சுற்றினால் சாயந்தரம் வரை பஞ்சு மாதிரி இருக்கும். தேங்காய்ச் சட்னியை ஜூன் மாதத்தில் அனுப்புகிறவர்களை நான் என்ன சொல்ல?

அடை ஆறினால் நல்லது, ஆனால் கனமாக வார்த்தால் தோல். சப்பாத்திக்கு மாவைக் கொதிநீரில் பிசைந்து, சுட்டதும் துணியில் மூடி வைத்து, ஆறினபின் மடித்தால் மெத்தென்று இருக்கும். உள்ளே உருளைக்கிழங்குப் பொடிமாஸ் வைத்துச் சுருட்டித் தருகிறேன். வெங்காயம் கம்மி, தக்காளி இல்லை. தோசை வேண்டாம். ஆறின தோசைக்குப் பரிந்து பேசுகிறவர்கள் இங்கே நாலு பேர் இருக்கிறார்கள், அவர்கள் பேசட்டும்.

முட்டை அவித்தால் ஓட்டோடு அனுப்புங்கள். உரித்து மூடினால் வேன் முழுக்க நம்மைத் திட்டும்.

ஆகஸ்ட் 25

பேச்சு அரசுப் பள்ளிச் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டது. எங்கள் கடைப் பையனின் தங்கை படிப்பது அரசுப் பள்ளி. அவளுக்குக் காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடாகக் கிடைக்கிறது, மத்தியானம் முட்டையோடு சத்துணவு, அதுவும் சூடாக. சத்துணவு 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். தொடங்கியது. காலை உணவு 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்து, 2023ல் இதே ஆகஸ்ட் 25ல் நம் திருக்குவளையில் வைத்துத்தான் மாநிலம் முழுக்க விரிந்தது. நான் பணம் கட்டிச் சேர்த்த பள்ளியில் என் பிள்ளைகள் ஆறினதைத் தின்கிறார்கள். இதை எங்கள் கடைப் பையன் வாரம் ஒரு தடவை நினைவுபடுத்துவான்.

செப்டம்பர் 17

அப்பளம் நமுத்துப்போகாமல் அனுப்ப வழி உண்டா? கிடையாது. வத்தல், வடகம், மோர் மிளகாய் மூன்றும் தனி டப்பாவில், நன்றாக ஆறினபின் மூடினால் ஓரளவு நிற்கும். வாழைக்காய் வறுவல் காலையில் மொறுமொறுவென்று இருக்கும், மத்தியானம் துவண்டுவிடும். சேப்பங்கிழங்கு வறுவல் துவண்டாலும் நன்றாக இருக்கும், அதனால் அதற்கு எங்கள் வீட்டில் இடம் உறுதி.

அலுமினியத் தூக்கில் புளியோதரை கட்டலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். புளிப்பு அதை அரிக்கும். பாட்டியின் தூக்கு வீட்டில் இருக்கிறது, உள்ளே அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக. எவர்சில்வரில் கட்டுங்கள்.

அக்டோபர் 29

6:50. இரண்டு டப்பா எலுமிச்சை சாதம், பொடிமாஸ், எல்லாம் ஆறி, மூடி போட்டாயிற்று. 6:55க்கு மழை விடுமுறை அறிவிப்பு. மாவட்டத்தில் ஆயிரம் வீட்டில் இந்நேரம் இதே டப்பாதான் திறந்திருக்கும். ஒன்பது மணிக்கு மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸிலிருந்தே தின்றோம். தெருவில் முழங்கால் தண்ணீர். பெரியவள் தன் பங்கு புளியோதரையாக இருந்திருக்கலாம் என்றாள். கேட்டுக்கொண்டேன், ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 18

தயிர் சாதம் பற்றி ஜூலையில் எழுதியதை நம்பி யாராவது இந்த வாரம் கட்டியிருந்தால் மன்னிக்கவும். மார்கழி பிறந்து மூன்று நாள். ஏழு மணிக்கு உறை ஊற்றியது மத்தியானம் வரை தோயவே இல்லை. சின்னவன் பால் சோறு தின்றுவிட்டு வந்திருக்கிறான், வடுமாங்காயோடு. அந்த முகத்தை நினைத்துப் பாருங்கள். இந்த மாதம் மூன்று ஸ்பூன் தயிர், பாலும் கொஞ்சம் தூக்கலான சூட்டில். இல்லாவிட்டால் ஆறரைக்கே கலந்துவிடுங்கள்.

ஜனவரி 28

பொங்கலுக்கு மாமனார் வீட்டிலிருந்து ஒரு மூட்டை புது அரிசி வந்தது. சம்பா அறுவடை, அப்போதுதான் அரைத்தது. ஜூன் 11ல் என்ன எழுதினேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தும் வந்த மூட்டையைப் பிரிக்காமல் இருக்க முடியுமா? புளியோதரை களியாக வந்தது. புது அரிசியைத் தயிர் சாதத்துக்கும் பொங்கலுக்கும் தள்ளிவிட்டு, கலந்த சாதத்துக்குப் பழையபடி கடைக்கே போய்விட்டேன். மாமனாருக்குத் தெரிய வேண்டாம்.

பிப்ரவரி 3

வலங்கைமான் அக்கா எட்டு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். ஹாட் பாக்ஸ் வாங்கவில்லை. ஆறின சோறு ஆகாது என்று சொன்ன மாமியார், என் புளிக்காய்ச்சல் அளவைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். முழுக்கக் கேட்டுவிட்டு, "புளிக்காய்ச்சல்ல வெல்லமா? யாருடி இவன்?" என்றாராம். பெருங்காயமும் போதாதாம். அன்றிலிருந்து பேரனுக்கு வாரம் இரண்டு நாள் புளியோதரை கட்டுவது அவர்தான். மருமகளை அடுப்படிப் பக்கம் விடுவதில்லையாம்.

அக்கா, அவர் பெருங்காயம் எவ்வளவு போடுகிறார் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். கேட்க வேண்டாம், பார்த்தால் போதும்.